முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். என்னிடம் இருப்பது 5 டன் டீசல் லோரி. வயது 16. நான் வாங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களாக என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. ஆரம்பத்தில் வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றினேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர். பாரத்தோடு மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்குவதுபோல் தெரிகிறது. இங்குள்ள பட்டறையில் கிராங்க் தண்டின் பின்பக்கச் சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் வளையம், போய்விட்டது, 1,900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். ஈப்போவில் ஒருவர் என்ஜினையே இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும், 13,000 வெள்ளி என்கிறார். இன்னொருவர் கெட்டியான எண்ணெய் ஊற்றி ஓட்டினால் ஓராண்டு தாங்கும் என்கிறார். வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த மாதம் புஸ்பாகோம் வாகனச் சோதனை வேறு வருகிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூவரில் ஒருவராவது என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தாரா என்று தேடினேன். அப்படி ஒரு வரி கடிதத்தில் இல்லை. அதைப் பார்க்காதவர் 1,900 வெள்ளியும் சொல்லக்கூடாது, 13,000 வெள்ளியும் சொல்லக்கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், எரிந்த காற்று கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிப் பக்கம் இறங்கத்தான் செய்யும். எல்லா டீசல் என்ஜினிலும் இது உண்டு. அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, ரிங்குகள் தேய்ந்து அளவுக்கு மீறிக் காற்று இறங்கினாலோ, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் எண்ணெய் எங்கே வழி கிடைக்கும் என்று தேடும். சுழலும் தண்டின்மேல் மெல்லிய உதட்டை மட்டும் வைத்து எண்ணெயைத் தடுத்து நிற்கும் பின் சீல்தான் அதற்குக் கிடைக்கும் மிக எளிய வாசல். ஒழுகுகிற இடம் அதுதான். ஒழுக வைக்கிற காரணம் வேறு எங்கோ இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால், புதுச் சீலும் சில வாரங்களில் பழைய கதையையே சொல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லோரி என் பட்டறைக்கு வந்தது. அதற்கு எட்டு மாதத்தில் இரண்டு முறை வேறு பட்டறையில் பின் சீல் மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி. மூன்றாவது முறையும் ஒழுகியபோது உரிமையாளர் கண் கலங்க என் முன்னால் நின்றார். நான் லோரிக்கு அடியில் படுத்து, பிரீதர் குழாய் கீழே தொங்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் வாயை அடைத்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தீபாவளி விடுமுறையில் வண்டி இரண்டு வாரம் நின்றிருக்கிறது. அந்த இடைவெளி அதற்குப் போதும். வெளியே செம்மண், உள்ளே எண்ணெயில் ஊறிக் கறுத்த களிம்பு. ஸ்க்ரூ டிரைவரின் முனையால் சுரண்டினேன். விரல் அளவு மண் அப்படியே பெயர்ந்து விழுந்தது. அன்று பகலே புதுச் சீல் போட்டு அனுப்பினோம். அதற்குப் பிறகு அந்த லோரி ஒழுகவில்லை. அந்த மனிதர் முதலில் கொடுத்த இரண்டு கூலியும் போனதுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலைக்குக் காசு வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும். லோரியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி, பிறகு வேகம் கொடுக்காமல் ஓடவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதைத் தலைகீழாகத் துவாரத்தின்மேல் வெறுமனே வையுங்கள். மூடி அப்படியே உட்கார்ந்திருந்தால், அல்லது மெல்ல அசைந்தால் கவலை இல்லை. துள்ளிக் குதித்தால், தள்ளிக்கொண்டு விழுந்தால், துவாரத்திலிருந்து புகை விட்டுவிட்டுப் பொங்கி வந்தால், உள்ளே அழுத்தம் இருக்கிறது. உடனே என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பிரீதர் குழாயைக் கழற்றி, வாய் முதல் அடி வரை சுத்தம் செய்து, வளைந்து நசுங்கிய இடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிரீதரில் வடிகட்டியோ வால்வோ இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு மறுபடியும் மூடியை வைத்துச் சோதியுங்கள். சுத்தம் செய்த பிறகும் மூடி துள்ளினால்தான் ரிங்குகள்மேல் சந்தேகம் வர வேண்டும்.

அன்றைக்கே என்ஜின் எண்ணெய் மட்டம் காட்டும் எண்ணெய்க் கோலையும் நன்றாகப் பாருங்கள். ஒழுகும் வண்டிக்காரர்கள் பலர், வழியில் குறைந்துவிடுமே என்ற பயத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிடுகிறார்கள். கிராங்க் அந்த எண்ணெயை அடித்து நுரையாக்கும், உள் அழுத்தம் இன்னும் ஏறும், ஒழுக்கு அதிகமாகும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். கோலை முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஊற்றாமலேயே எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால், இன்ஜெக்டர் பக்கமோ பம்ப் பக்கமோ இருந்து டீசல் உள்ளே கலக்கிறது என்று பொருள். எண்ணெய் நீர்த்துப்போனால் சீல் தாங்காது, பேரிங்கும் தாங்காது. நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கும் பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். நீங்கள் ஏற்றிப்போகும் குலையே சுற்றி வந்து உங்கள் டாங்கியில் விழுகிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த 10 விழுக்காடு எண்ணெய்த் தொட்டியில் கலந்துவிட்டால், சாதாரண டீசல்போல் சூட்டில் எளிதாக ஆவியாகிப் போகாது, தங்கிவிடும். அதனால்தான் கலந்திருப்பது தெரிந்தால் மாற்றும் நாள் வரும் வரை காத்திருக்காமல் எண்ணெயை உடனே மாற்றச் சொல்கிறேன்.

அடுத்தது, ஒழுகுவது உண்மையில் பின் சீல்தானா என்ற கேள்வி. என்ஜின் எண்ணெய் மேலேயிருந்து கீழே இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் சொட்டுவது பின்பக்கத்து அடியில்தான். வால்வ் கவர் காஸ்கெட், எண்ணெய் வடிகட்டி பொருத்தும் இடம், ஆயில் கூலர், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் குழாய், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறிய சுவிட்ச், ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வேக்கம் பம்ப் என எதுவும் காரணமாக இருக்கலாம். ஜப்பான் லோரிகளில் அந்த வேக்கம் பம்புக்குப் போகும் எண்ணெய்க் குழாய் பழசாகி ஒழுகி, பின் சீல்மேல் பழி விழுந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் குழாயை மாற்ற அரை மணி நேரம் போதும்.

கண்டுபிடிக்க வழி இதுதான். என்ஜினை மேலிருந்து கீழ் வரை எண்ணெய் போக்கும் திரவம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மின் இணைப்புகளையும் காற்று உள்ளே போகும் வாயையும் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டிய பிறகே தண்ணீர் அடியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பாரம் இல்லாமல் கோலகங்சார் வரை போய்த் திரும்புங்கள். வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கறுப்புக் கோடாக எங்கிருந்து தொடங்குகிறது என்பது தெரியும். கோட்டின் கீழ் முனையைப் பார்க்காதீர்கள். மேல் முனைதான் முக்கியம். அப்படியும் பிடிபடவில்லை என்றால், எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் உள்ள பட்டறைக்குப் போங்கள். இருட்டில் விளக்கடித்தால் ஒழுகும் இடம் மஞ்சள் பச்சையாக மின்னும்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் ஒரு சிறிய துவாரம் இருக்கும். அதில் ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பாருங்கள். டீசல் என்ஜினின் எண்ணெய் புகைக்கரியால் கருப்பாக, வழவழப்பாக இருக்கும். தேன் நிறத்தில், தடிப்பாக, கந்தக வாடையோடு இருந்தால் அது கியர் எண்ணெய். அப்படியானால் போயிருப்பது கியர்பாக்ஸின் முன் சீல். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றாலும், தவறான சீலை மாற்றிவிட்டு ஏற்றுவதைவிடக் கொடுமை வேறில்லை.

நீங்கள் இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் என்று எழுதியதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு லிட்டருக்கு 20,000 சொட்டு. இரண்டு நாளில் என்ஜின் 20 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், மணிக்கு 1,000 சொட்டு. அதாவது மூன்றரை வினாடிக்கு ஒரு சொட்டு விழ வேண்டும். வேலை முடிந்து வந்ததும் என்ஜினை அணைக்காமல் அடியில் தட்டு வைத்து, கைபேசியில் நேரம் பார்த்து எண்ணுங்கள். பாரத்தோடு ஓடும்போது நிற்கும்போதைவிட அதிகம் ஒழுகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 20 வினாடிக்கு ஒரு சொட்டுதான் விழுகிறது என்றால், மீதி எண்ணெய் ஒழுகவில்லை, உள்ளே எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எரிகிற எண்ணெய்க்குச் சீல் மருந்தல்ல.

இப்போது ஈப்போக்காரர் சொன்ன 13,000 வெள்ளிக்கு வருகிறேன். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். 16 வயது லோரிக்கு ஓவர்ஹால் தேவைப்படலாம். ஆனால் அதற்குச் சாட்சி கேளுங்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, எடுத்து அந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். பிறகு எண்ணெய் அழுத்தத்தை, டாஷ்போர்டு விளக்கை நம்பாமல், தனி மீட்டர் மாட்டிச் சூடான என்ஜினில் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓடும்போது ஒரு முறை, 2,000 சுற்றில் ஒரு முறை. கம்ப்ரஷன் நன்றாக இருந்து, எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்து, பிரீதர் சுத்தம் செய்த பிறகு மூடியும் துள்ளவில்லை என்றால், என்ஜினைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. கம்ப்ரஷன் விழுந்திருந்தால் ஈப்போக்காரர் சொன்னதுதான் சரி. அப்போது 1,900 வெள்ளிக்குச் சீல் மாற்றுவது அந்தக் காசைத் தூக்கி எறிவதற்குச் சமம். எண்ணெய் அழுத்தம் மட்டும் குறைவாக இருந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த பேரிங்கில் தண்டு ஆடும். ஆடும் தண்டின்மேல் எந்தச் சீலும் நிற்காது.

பின் சீல் மட்டும்தான் என்று உறுதியானால், அந்த வேலையில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. சீலின் விலை கொஞ்சம்தான். நீங்கள் கொடுப்பது கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. அதனால் இறக்கிய இடத்தில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கையோடு முடித்துவிடுங்கள். உங்கள் கிளட்ச் வழுக்குகிறது என்றால் தட்டில் எண்ணெய் ஊறியிருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவிப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய் உறிஞ்சிய தட்டு சூடேறியதும் மறுபடியும் கக்கும். புதுத் தட்டு, புது ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் இருக்கும் சிறிய பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் ஆகியவற்றைச் சேர்த்து மாற்றுங்கள். பிளைவீல் நீலம் பாய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய சீலை எடுத்ததும், அதன் உதடு உரசிய இடத்தில் கிராங்க் தண்டை விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால், பல லட்சம் கிலோமீட்டர் உரசி உண்டான தடம் அது. புதுச் சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் ஒழுக்கு திரும்பிவிடும். தண்டின்மேல் மெல்லிய உறை ஏற்றிப் போடலாம்; அல்லது இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் சீல் அடிக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். தண்டை முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் கையேட்டில் அளவு உண்டு. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கும் வாஷர் தேய்ந்தால் தண்டு நகரும், சீலும் கூடவே சிதையும்.

சீல் எந்த வகை என்றும் கேளுங்கள். ரப்பர் உதடு உள்ள சீலில் எண்ணெய் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் வகையைப் பொதுவாக எண்ணெய் படாமல், காய்ந்த தண்டில் போட வேண்டும். பெட்டியில் வரும் தாளில் எப்படிப் போட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவும் கைகளால் பல சீல்கள் முதல் நாளே கெட்டிருக்கின்றன.

எண்ணெய்த் தொட்டியின் காஸ்கெட்டையும் மாற்றச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒன்று சொல்ல வேண்டும். சில பட்டறைகளில் காஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிகானை வாரி அப்புகிறார்கள். தகரத் தொட்டியை இறுக்கும்போது வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது யாருக்கும் தெரியாது. ஒரு முறை அழுத்தம் விழுந்த என்ஜினின் தொட்டியை இறக்கிப் பார்த்தேன். எண்ணெய் உறிஞ்சும் வலைமேல் சாம்பல் நிறச் சிலிகான் துணுக்குகள் ஒட்டியிருந்தன, வெந்த சேமியாபோல. பாதி வலை அடைந்திருந்தது. அந்த என்ஜினுக்குக் கிராங்க் பேரிங் மொத்தமும் மாற்ற வேண்டியதாயிற்று. தயாரிப்பாளரே சிலிகான் போடச் சொல்லும் என்ஜின்கள் உண்டு. அங்கேயும் மெல்லிய கோடு போதும். போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கவும் கூடாது. தகர விளிம்பு வளைந்துவிட்டால் அடுத்த காஸ்கெட்டும் உட்காராது.

கெட்டி எண்ணெய் விஷயம். சாதாரணமாக 15டபிள்யூ-40 போடும் என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒழுக்கு கொஞ்சம் குறையலாம். காய்ந்து இறுகிய ரப்பர் சீலாக இருந்தால், ஒழுக்கை நிறுத்தும் என்று கடையில் விற்கும் திரவம் அதைச் சற்று ஊற வைத்துச் சில வாரம் அவகாசம் தரலாம். தண்டில் பள்ளம் இருந்தாலோ, உள்ளே அழுத்தம் இருந்தாலோ இரண்டும் பயன்படாது. டெஃப்லான் சீலுக்கு அந்தத் திரவத்தால் ஒன்றும் ஆகாது. ஓராண்டு தாங்கும் என்று சொன்னவர் உங்கள் கிளட்சை மறந்துவிட்டார். பாரம் ஏற்றிய லோரியில் கிளட்ச் வழுக்கினால் ஏற்றத்தில் மட்டும் தொல்லை இல்லை. இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் கைவிட்டுவிடும், முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். இந்த நிலையில் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் பாரத்தோடு போகவே போகாதீர்கள். அந்த இறக்கத்தில் நல்ல லோரிகளே தடுமாறியிருக்கின்றன.

பழுது பார்க்கும் நாள் வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பாதி பாரம், கிட்டத்து ஆலை, காலையும் மதியமும் எண்ணெய்க் கோல். டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த விளக்கு ஒரு வினாடி எரிந்தாலும் அங்கேயே, நடுத் தோட்டமாக இருந்தாலும், என்ஜினை அணையுங்கள். இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே என்று ஓட்டிய அந்த அரைக் கிலோமீட்டரில்தான் பேரிங் உருகும். எக்ஸாஸ்ட் குழாய், டர்போ பக்கம் ஒட்டியிருக்கும் காய்ந்த ஓலையையும் செம்பனை நாரையும் தினமும் தட்டிவிடுங்கள். எண்ணெய் ஊறிய நார் சூட்டில் பற்றினால் அணைக்க நேரம் இருக்காது. தீயணைப்பான் ஒன்று இருக்கையின் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆலையில் குலை கொட்டும் ராம்ப்பில் உங்கள் லோரியின் எண்ணெய் சொட்டினால் உங்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். சமையல் எண்ணெயில் கனிம எண்ணெய் கலப்பதைப் பற்றி வாங்குகிறவர்கள் இப்போது கறாராகக் கேட்கிறார்கள்.

புஸ்பாகோம் சோதனையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். சரக்கு லோரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது வரத்தான் செய்யும். அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டு சோதனைப் பள்ளத்தின்மேல் நின்றால் தேறுவது கடினம். சோதனை நாளன்று கழுவிக்கொண்டு போய்த் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மூன்றரை வினாடிக்கு ஒரு சொட்டு விழும் வண்டி வரிசையில் நிற்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். பழுதை முடித்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சோதனைக்குப் போகும்படி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி வீட்டில் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. குடும்பச் செலவைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் இந்த லோரி மாதம் எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு தின்கிறது என்று சரியாகத் தெரியும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது பல சிறிய லோரிக்காரர்கள் பழுதுகளைத் தள்ளிப்போட்டார்கள்; இன்று என் பட்டறைக்கு வரும் பாதி வண்டிகள் அன்று தள்ளிப்போட்டவை. ஒழுகும் லோரியை இப்போது விற்றால், வாங்குகிறவர் ஓவர்ஹால் விலையைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார், உங்களுக்கு வெறும் சீல் பழுதாக இருந்தாலும். அதனால் விற்பதாக இருந்தாலும் சோதனைகளை முடித்து, எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கம்ப்ரஷன் உண்மையிலேயே போய், லோரியின் பாடி, சேஸி, கேபின் தரையும் துருப்பிடித்திருந்தால் வீட்டில் சொன்னதுதான் சரி. அந்த வண்டியில் 13,000 வெள்ளி கொட்ட வேண்டாம்.

ஓவர்ஹாலுக்குப் பதில், பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் போத்தோங் கடையில் ஜப்பான் என்ஜின் வாங்கி மாற்றுவதும் ஒரு வழிதான். நல்லது கிடைத்தால் காசும் நாளும் மிச்சமாகும். ஆனால் அந்த என்ஜினின் சுங்க ஆவணமும் ரசீதும் இல்லாமல் வாங்காதீர்கள். என்ஜின் எண் மாறினால் சோதனை செய்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டியின் கிரானில் (பதிவுச் சான்றிதழில்) ஏற்ற வேண்டும். கடைக்காரர் என்ஜினை ஓடவிட்டுக் காட்ட வேண்டும்; அங்கேயும் எண்ணெய் மூடியைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் விலையை எழுத்தில் வாங்குங்கள். உதிரிப் பாகம் தனி, கூலி தனி. கழற்றிய பாகங்களை உங்களிடம் காட்டிய பிறகே எறிய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பழைய சீலும் கிளட்ச் தட்டும் என்ன நடந்தது என்பதை எந்த மெக்கானிக்கையும்விடத் தெளிவாகச் சொல்லும். வடித்த பழைய எண்ணெயை வேலிக் கம்பத்துக்குப் பூசவென்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். 2005 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக்கூடாத ஆபத்தான கழிவு. உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்துப் போவார்கள், பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். தோட்டத்து ஓடைத் தண்ணீரில்தான் நாமெல்லாம் குளித்து வளர்ந்தோம்.

லோரி பட்டறையில் நிற்கும் நாட்களில் குலை அழுகுமே என்பது உங்கள் உண்மையான கவலை என்று எனக்குத் தெரியும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் விழும். தோட்டக்காரர் வேறு லோரியைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் வண்டியை உள்ளே விடும் முன், உங்களைப்போல் ஓட்டும் இன்னொருவரிடம் பேசி, நான்கு நாளைக்கு உங்கள் நடையை அவரே போகட்டும், அடுத்த முறை அவருக்கு நீங்கள் போகிறீர்கள் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். தோட்டக்காரர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுபோன லோரியைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து பாருங்கள், சொட்டை எண்ணுங்கள், பவுடர் தூவி ஓட்டிப் பாருங்கள். மூடி துள்ளவில்லை, மேலே எங்கும் ஒழுக்கில்லை, கூட்டின் துவாரத்தில் கருப்பு எண்ணெய் என்றால், சுங்கை சிப்புட் பட்டறையிலேயே கிளட்சோடு சேர்த்துப் புது விலை கேட்டு நாள் வாங்குங்கள். 1,900 வெள்ளிக்குமேல் கொஞ்சம் ஆகும். மூடி துள்ளினால், பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் துள்ளினால், திங்கட்கிழமை காலையில் ஈப்போக்காரரை அழைத்து, கம்ப்ரஷன் எடுக்க எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.